இரவு எட்டு பதினேழு

பனிவாரி ஒன்றின் கைப்பிடி வளைவு
யாருடையது என்பதுதான் வழக்கு.
துலூத் நகரத்துக் கூட்டாட்சி நீதிமன்றத்தில்
இரண்டையும் மேசைமேல் கிடத்தியிருந்தார்கள்.
அளவுகோல் வேண்டாம், கண்ணால் பார் என்கிறது சட்டம்.
கடைக்கு வந்தவரின் கண்ணால்.
ஏமாறக்கூடிய கண்ணால்.

வாதியின் வக்கீல் பிரான்ட்வோல்ட் அம்மையார் கேட்டது
கைப்பிடி தொடர்பான ஆவணங்கள் எல்லாம்.
வரைபடம், அச்சு, கடிதம், குறுஞ்செய்தி,
காபிக்கடைக் காகிதத்தில் கிறுக்கியது உட்பட.
"தொடர்பான" என்ற ஒரு சொல்லை
ஒன்றே கால் மணி நேரம் பிசைந்தார்கள்.
வாளி, தள்ளுவண்டி, விளக்குமாறு என்று
எண்பது சாமான் செய்கிறோம், கனம் நீதிபதி அவர்களே,
எல்லாவற்றுக்கும் கைப்பிடி உண்டு
என்றது எங்கள் தரப்பு.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
ஆறு கேட்டவருக்கு ஒரு குடம் தந்தார்:
ஒரே மாடல்.
மூன்று பேருடைய கணினி.
2019 மார்ச் முதல் தேதி தொடங்கி
சரக்கு கடைக்கு வந்த நாள் வரை.
அதற்கு முந்தியதைத் தொட வேண்டாம்.

அந்தக் குடத்தில் நாற்பத்தோராயிரம் தாள்.
மணிக்கு இருபத்தெட்டு டாலருக்கு
அதைக் குடித்தவள் நான்.

உண்டு. இல்லை. இல்லை.
பிறந்தநாள் கேக்குக்குப் பணம் வசூல்: இல்லை.
பிளாஸ்டிக் விலையேற்றம்: இல்லை.
"வளைவு இன்னும் இரண்டு டிகிரி": உண்டு.
ஒருவர் தன் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டு எழுதிய
நீளமான கடிதம் ஒன்று,
கதவின் கைப்பிடி எங்கோ ஒரு வரியில் வந்ததால்
என் திரைக்கு வந்து சேர்ந்தது.
முழுதும் படித்துவிட்டு
இல்லை என்று அழுத்தினேன்.

பதினோராம் நாள்
எய்னோ சாவெலாவின் மின்னஞ்சல்.
எங்கள் வடிவமைப்பாளர், தனக்குத் தானே அனுப்பிக்கொண்டது.
பக்கத்து வீட்டு கராஜ் கதவில் சாய்ந்து
வாதியின் பனிவாரி,
முனையில் பனி இன்னும் உருகாமல்.
கீழே:
"இந்த வளைவு. முதுகு வலிக்கவே இல்லை."

பிப்ரவரி இருபத்தெட்டு, இரவு எட்டு பதினேழு.

வரம்புக்கு வெளியே, நாலு மணி நேரம்கூட இல்லை.
விரல் "இல்லை"க்குப் போனது.
மனசும் கூடவே போனது, ஒளிப்பானேன்,
சம்பளம் வருவது சாவெலாவின் கம்பெனியிலிருந்து.

ஆனால் சர்வருக்கு ஊர் கிடையாது.
அதன் கடிகாரம் கிரீனிச் நேரம் காட்டியது:
மார்ச் ஒன்று, அதிகாலை இரண்டு பதினேழு.
எந்தக் கடிகாரம் செல்லும்?
இரு தரப்பும் கையெழுத்திட்ட உடன்படிக்கையில்
ஒன்பதாம் பக்கம், நான்காம் அடிக்குறிப்பு:
தேதிகள் யாவும் சர்வர் நேரப்படி.
யாரும் படித்திராத வரி.
வேறு ஏதோ வழக்கிலிருந்து
யாரோ வெட்டி ஒட்டியது.

உண்டு.

என் மேலாளர் ஹெகெமன்
படத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பேசாமலிருந்தார்.
பிறகு "முதுகு" என்ற சொல்லில் விரல் வைத்துச் சிரித்தார்.
அழகுக்குத்தான் இந்தக் காப்புரிமை, வலி தீர்ப்பதற்கு இல்லை.
பார்த்துச் செய்தான் என்பார்கள் அவர்கள்.
முதுகுக்காகச் செய்தான் என்போம் நாம்.
அன்று மாலை எதிர்த்தரப்பு அலுவலகத்திலும்
இதே தாளைப் பார்த்து
யாரோ சிரித்திருக்க வேண்டும்.

சாவெலாவை ஏழு மணி நேரம் விசாரித்தார்கள்.
படமெடுத்தபோது என்ன நினைத்தீர்கள்?
பதிவில் இருக்கிறது அவர் பதில்:
"அப்பாடா, பனி நின்றுவிட்டது என்று."

மே மாதம் சமரசம்.
தொகை எவ்வளவென்று எனக்குக் காட்ட மாட்டார்கள்.

நவம்பரில் ஹார்டுவேர் கடையில்
இரண்டும் அருகருகே தொங்கின.
எடுத்துப் பார்த்தேன், வளைத்துப் பார்த்தேன்.
நாற்பத்தோராயிரம் தாள் படித்த கண்.
எது எவருடையது என்று
விலைச்சீட்டைத் திருப்பித்தான் பார்த்தேன்.